பேச்சு அக்காவுக்கு, சண்டை எனக்கு

1.

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை என் மூளையில் உதிக்கவில்லை, கட்டைவிரலில் உதித்தது. மூன்று வாரங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை மதியம், என் வலது கட்டைவிரல் ஒரு பட்டனை அழுத்தியது. அதில் ஒரு மனிதர் போய்விட்டார். பயப்பட வேண்டாம், சாகவில்லை. கிளம்பிப் போய்விட்டார். அவர் நிஜ மனிதரும் இல்லை. ஒரு வீடியோ கேமில் வரும் வைத்தியர். ஆனால் அவரை ஒன்பது வருடங்களாகக் கூட்டிக்கொண்டு நடந்தவள் என் அக்கா. அவள் நிஜம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாள். வைத்தியர் போனது அவளுக்குத் தெரியாது.

கல்லூரி மலரின் ஆசிரியர் என்னிடம் கேட்டது கேன்டீனைப் பற்றி ஒரு நகைச்சுவைக் கட்டுரை. கேன்டீனைப் பற்றி ஏற்கெனவே மூன்று எழுதிவிட்டேன். கேன்டீன் திருந்தவில்லை. எனவே இது.*

* இந்த மலரில் நான் எழுதும் எல்லாவற்றையும் முதலில் படித்துத் திருத்துவது அக்காதான். வெள்ளிக்கிழமை போனில் அனுப்புவேன். இரண்டு மணி நேரத்தில் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வரும். ஆசிரியருக்கு இது தெரியாது. இப்போதும் தெரியாது, அடிக்குறிப்பு வரைக்கும் படிக்கிற ஆள் இல்லை அவர்.

2.

தொடக்கம், முதல் முயற்சி:

"வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மதியத்தில்—"

(மழை பெய்யவில்லை. கதை என்றதும் கை தானாக மழையை எழுதிவிட்டது. என் கை தானாகச் செய்கிற காரியங்களைப் பற்றித்தான் இந்தக் கதையே.)

இரண்டாம் முயற்சி:

"ஆஆஆஆ வாளை உருவினான்."

(இதற்கு விளக்கம் தேவைப்படும்.)

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒருமுறை லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட ஒருவரை வெளியே எடுத்தார். அவர் நன்றி தாங்காமல் தன்னுடைய பழைய கேம் பெட்டியையும், ஒரே ஒரு கன்ட்ரோலரையும், ஒரே ஒரு டிஸ்க்கையும் அப்பாவின் கையில் திணித்துவிட்டார். நான் அப்போது ஆறாம் வகுப்பு. அக்கா பள்ளியின் கடைசி வருடம். டிஸ்க்கைப் போட்டதும் ஹீரோவுக்குப் பெயர் வைக்கச் சொன்னது. அவள் ஒரு பெயர் சொன்னாள், நான் ஒன்று சொன்னேன். கன்ட்ரோலரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் ஒரே பட்டன் நாலு தடவை அமுங்கி, ஹீரோவின் பெயர் ஆஆஆஆ என்று பதிவாகிவிட்டது. மாற்ற முடியாதாம். அன்றிலிருந்து, எரிகிற கோட்டையின் வாசலில் ராணி மண்டியிட்டு, "எங்களுக்கு இனி உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள், ஆஆஆஆ!" என்று அழுதுகொண்டிருக்கிறாள்.

ஒரே கன்ட்ரோலர் என்பதால் அம்மா பாகப்பிரிவினை செய்து வைத்தாள். இந்த மாதிரிக் கேமில் பாதி நேரம் சண்டை. மீதி நேரம் யாராவது வந்து பேசுவார்கள். பேசி முடித்து ஒரு கேள்வி கேட்பார்கள். நாம் ஒரு பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேச்சு அக்காவுக்கு, சண்டை எனக்கு. பேச்சு வந்தால் நான் கன்ட்ரோலரை அவளிடம் கொடுத்துவிட்டு, தின்ன ஏதாவது இருக்கிறதா என்று சமையலறைக்குப் போய்விடுவேன். சண்டை வந்தால் அவள் கூப்பிடுவாள்: "டேய் அடிதடி, ஆள் வந்தாச்சு."

கூடவே இரண்டு சட்டங்கள் போட்டுக்கொண்டோம். ஒருத்தர் இல்லாமல் மற்றவர் தொடக்கூடாது. கதை எப்படிப் போகும் என்று இன்டர்நெட்டில் தேடக்கூடாது.

3.

ஒரு கேமை முடிக்க ஒன்பது வருடமா என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்காத சொந்தக்காரர் இல்லை. திரையின் மூலையில் உள்ள கடிகாரம் நூற்று நாற்பத்து மூன்று மணி நேரம் என்கிறது. குளிக்காமல் உட்கார்ந்தால் ஆறு நாள் வேலை. நடுவில் அவள் ரேடியாலஜி படிக்க ஹாஸ்டலுக்குப் போனாள். எனக்குப் பொதுத்தேர்வு வந்தது. ஒருமுறை பத்து மாதம் கழித்து உட்கார்ந்தோம். ஆஆஆஆ ஒரு காட்டுக்குள் நின்றுகொண்டிருந்தான். கையில் ஓர் ஆட்டுக்குட்டி.

"யார் ஆடுக்கா இது?"

"நீதான் எங்கயாவது திருடியிருப்ப."

"நான் யார்கிட்டயும் பேசறதே இல்ல. ஆடு சம்பந்தமா எதாவது ஒத்துக்கிட்டு வந்தது நீ."

"ஆட்டக் கையில வச்சிருக்கிறது சண்டைப் பிரிவு. என் பிரிவு இல்ல."

அந்த விடுமுறை முழுக்க ஊர் ஊராகப் போய் ஆட்டைக் காட்டினோம். எவரும் சொந்தம் கொண்டாடவில்லை. ஆடு இன்னும் எங்கள் பையில்தான் இருக்கிறது.

அக்கா இப்போது விமானத்தில் போகிற தூரத்தில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறாள். "மூச்ச இழுத்துப் புடிங்க… புடிங்க… இப்ப விடுங்க" என்று நாளெல்லாம் சொல்வதற்குச் சம்பளம். படிக்கும்போது அதை என்னிடம்தான் பழகினாள். பெரிய அரக்கர்களோடு நான் மோதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "மூச்ச இழுத்துப் புடி" என்பாள். அரக்கன் விழுந்த பிறகுதான், "இப்ப விடு." ஒரு தடவை அரக்கன் விழ எட்டு நிமிடம் ஆயிற்று. (மிகை. ஆனால் காது சிவந்தது நிஜம்.)

4.

இங்கே ஒரு தொழில்நுட்பக் கோளாறை ஒப்புக்கொள்ள வேண்டும். நூற்று நாற்பத்து மூன்று மணி நேரம் ஆடிய கேமின் கதை எனக்குத் தெரியாது. ராணி ஏன் அழுகிறாள், மலை ஏன் எரிகிறது, நான் இதுவரை வெட்டியவர்களில் எத்தனை பேர் நல்லவர்கள், எதுவும் தெரியாது. கதை நடந்த நேரமெல்லாம் நான் சமையலறையில் இருந்தேன். அப்படிப்பட்டவன்தான் உங்களுக்கு இப்போது கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வைத்தியரைப் பற்றியும் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். வழுக்கை. தோளில் மருந்துப் பை. நான் அடிவாங்கிக் கிடக்கும்போதெல்லாம் பச்சை வெளிச்சம் அடித்து எழுப்பிவிடுவார். எங்கள் நாலு பேர் கூட்டத்தில் அவர் நாலாவது. முதல் வருடம் ஒருநாள் நான் தட்டோடு திரும்பி வந்தபோது, அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரையில் அவர்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. இவருக்கு ஒரு வாக்குக் குடுத்திருக்கேன்."

"என்னன்னு?"

"கடைசிக் கதவு வரைக்கும் கூடவே கூட்டிட்டுப் போறேன்னு. ஏன்னு அங்க போனா உனக்கே தெரியும். இந்தா புடி, ஓநாய் வருது."

போன தடவை அவள் கிளம்பியபோது அந்தக் கடைசிக் கதவுக்கு எதிரில்தான் நிறுத்திவைத்தோம். அதற்கு இரண்டு வருடம் ஆகிறது.

5.

இப்போது பட்டன்.

சத்தியமாக, தூசி தட்டத்தான் எடுத்தேன். (சத்தியம் செய்கிற கதைசொல்லியை நம்பாதீர்கள்.) பெட்டி ஓடுகிறதா என்று பார்க்க ஆன் செய்தேன். ஓடியது. கை பழகட்டும் என்று கதவுக்கு வெளியே இரண்டு சின்ன அரக்கர்களை அடித்தேன். பேச்சில்லாத வெறும் சண்டை. சட்டப்படி குற்றம்தான், ஆனால் சின்னக் குற்றம். இரண்டாவது அரக்கன் விழுந்ததும் வைத்தியர் தானாகத் திரும்பிப் பேச ஆரம்பித்தார்.

பேச்சு வந்ததும் என் புத்தி, ஒன்பது வருடப் பழக்கத்தில், எழுந்து சமையலறைக்குப் போய்விட்டது. உடம்பு மட்டும் கன்ட்ரோலரோடு உட்கார்ந்திருந்தது. வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை. கட்டைவிரல் தட்டு தட்டு என்று தட்டியது. பத்துப் பதினைந்து வரிகள் ஓடிப்போயின. கடைசி வரியை மட்டும் பார்த்தேன். பார்த்தபோது அழுத்தியிருந்தேன்.

"நான் இங்கிருந்து கிளம்பட்டுமா?"

*போங்கள்.*
*இருங்கள்.*

முதல் பதில் மேலேயே கர்சர் நின்றிருந்தது. வைத்தியர் தலை குனிந்து வணங்கினார். நடந்தார். கீழே நாலு முகம் இருந்த இடத்தில் மூன்று முகம். மூலையில் ஒரு சின்ன வட்டம் சுற்றி, சேவ் ஆகிவிட்டது என்று சொன்னது. அந்தப் பழைய பெட்டியில் ஒரே ஒரு சேவுக்குத்தான் இடம், இனி பின்னால் போய் மாற்ற முடியாது.

"வைத்தியரே!" என்று கத்தினேன். (கத்தவில்லை. ஆனால் கதைக்கு ஒரு சத்தம் வேண்டும்.)

6.

போன செவ்வாய்க்கிழமை அக்கா போன் செய்தாள். இதை மட்டும் நான் மாற்றி எழுதவில்லை.

"டேய் அடிதடி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்துடுவேன். நாலு நாள்தான். இந்தத் தடவ முடிச்சிடணும்."

"முடிச்சிடலாம்க்கா."

"அடுத்த லீவு எப்பன்னு எனக்கே தெரியாது. அதான் சொல்றேன். பொட்டி ஓடுதா?"

"தூசி தட்டி வச்சிருக்கேன்."

"சமத்து. வைத்தியர் எப்படி இருக்கார்?"

"…இருக்கார்."

"என்ன இழுக்கற?"

"வாய்ல சோறுக்கா."

வாயில் எதுவும் இல்லை.

"அவருக்கு ஒரு நாளாவது நன்றி சொல்லியிருப்பியா நீ? எத்தன தடவ செத்துக் கெடந்தவன எழுப்பிவிட்ருக்காரு. ஞாயித்துக்கிழமை மொத வேலையா… ஐயோ, உள்ள ஒருத்தர மூச்சப் புடிக்கச் சொல்லிட்டு வந்துட்டேன்டா!"

"அக்கா!"

"சும்மா சொன்னேன். வைக்கட்டா?"

7.

இந்தப் பகுதியை எழுதும்போது எனக்கே குழப்பமாகிவிட்டது. 'கிளம்பட்டுமா' என்ற வரியை எழுதியதும் இன்னொரு மதியம் நினைவுக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு. நான் ஒரு மூன்றுதலை அரக்கனோடு மும்முரமாக இருக்கிறேன். பக்கத்தில் அக்கா. "நான் போகட்டுமாடா?" என்று கேட்கிறாள். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம், போ" என்கிறேன்.

இது நடந்ததா? அல்லது கதைக்குத் தேவை என்று என் கை இதையும் மழையைப் போல எழுதிவிட்டதா? அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது, அதனாலேயே சந்தேகம். நேற்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். அம்மா கடைக்கு ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிறாள். வாயில் நாலைந்து குண்டூசி.

"அம்மா, அக்கா வேலைக்குப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட எதாவது கேட்டாளா?"

"ம்ம்."

"ம்ம்னா ஆமாவா, இல்லையா?"

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். "போகட்டுமான்னு கேட்டா. நீ அந்தப் பொட்டி முன்னாடி உக்காந்துட்டு, போன்னு சொன்ன."

"அப்ப நான் சொல்லித்தான் போனாளா?"

"ஆமா, இவரு பெரிய மந்திரி, கையெழுத்துப் போட்டு அனுப்பினாரு. ஆர்டர் வந்து ரெண்டு வாரம் ஆச்சுடா அப்ப. டிக்கெட்டே எடுத்தாச்சு."

நிம்மதியாக எழுந்தேன். கதவு வரைக்கும் போயிருப்பேன்.

"ஆனா ஒண்ணு," என்றாள், மெஷினை மிதித்தபடியே. "எங்ககிட்ட சொன்னா. உன்கிட்டதான் கேட்டா."

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

8.

முடிவுகள். கைவசம் மூன்று இருக்கின்றன.

ஒன்று, பொய். "கதையிலயே அவர் போயிடுவார்க்கா" என்று சொல்லிவிடலாம். அவள் இன்டர்நெட்டில் பார்க்க மாட்டாள், சட்டம். பிரச்சினை என்னவென்றால், அது உண்மையாகவும் இருக்கலாம். 'இருங்கள்' என்று அழுத்தியிருந்தாலும் அவர் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், டிக்கெட் எடுத்துவிட்டவரைப் போல. தேடிப் பார்த்துவிடலாம்தான். ஆனால் ஒரு சட்டத்தை உடைத்தவன் இன்னொன்றையாவது காப்பாற்ற வேண்டாமா? ஆக, பொய் சொல்வதற்கு உண்மை எது என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அந்த வசதி இல்லை.

இரண்டு, விபத்து. பெட்டியே பழுதாகிவிட்டால்? அப்பாவிடம் மெல்ல ஆரம்பித்தேன்.

"அப்பா, இது கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்த அக்காகிட்ட சொல்லுங்களேன்."

"கெட்டுப்போச்சா? கொண்டா, பாக்கறேன்."

"இல்ல, நல்லாத்தான் இருக்கு."

"இருபது வருஷமா ரிப்பேர் பண்றவன்கிட்ட வந்து, நல்லா இருக்கிறதக் கெட்டுப்போச்சுன்னு சொல்லச் சொல்றியா? போடா அந்தப் பக்கம்."

மூன்று:

"ஞாயிற்றுக்கிழமை மதியம். அக்கா பயணப் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் டிவி முன்னால் வந்து உட்கார்ந்தாள். திரையில் மூன்று முகங்கள். அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, அவள்—"

இதை ஏழு தடவை எழுதினேன். ஏழு தடவையும் இங்கேயே நின்றுவிட்டது. திட்டுவாளா, சிரிப்பாளா, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவாளா? எனக்குத் தெரியவில்லை. பேச்சு என் பிரிவு இல்லை. அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்த ஒன்பது வருடமும் நான் பக்கத்தில் இல்லை.

9.

வாசகரே, முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நழுவுவதாகத்தான் திட்டம். மன்னிக்கவும், உங்களுக்கு முன்னால் ஒருத்தி வரிசையில் நிற்கிறாள். இன்று வெள்ளிக்கிழமை. இதை இப்போது அவளுக்கு அனுப்பப்போகிறேன்.

அக்கா, சிவப்புக் கோடெல்லாம் அப்புறம் போடு. வைத்தியர் போய்விட்டார். நான்தான் போகச் சொன்னேன். அவர் என்னென்னவோ சொன்னார். எதையும் கேட்காமல் சொன்னேன். இரண்டாவது தடவை.

கதவுக்கு எதிரில் மூன்று பேரும் ஓர் ஆடும் நிற்கிறோம். பதில்கள் இவை:

*பரவால்லடா, இருக்கிறவங்களோட போலாம்.*
*மொதல்லேர்ந்து ஆரம்பி.*
*அவர் எந்தப் பக்கம் போனார்னு தேடுவோம்.*

கர்சர் முதல் பதில் மேல் நிற்கிறது. அது எப்போதும் அங்கேதான் நிற்கும். அதை நம்பி அழுத்திவிடாதே. நிதானமாகப் படி. நான் சமையலறைக்குப் போகவில்லை. இங்கேதான் இருக்கிறேன், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு. எப்போது விடலாம் என்று நீ சொல்.