ஒட்டாத உதடு

இறந்து கிடந்த நாத்தனாரின் தாடையைச் சேர்த்துக் கட்டுவதற்காக ஞானசெல்வி பழைய வேட்டியைக் கிழித்தாள். தலையைச் சற்றே தூக்கி, துணியை மோவாய்க்கு அடியில் கொடுத்து, உச்சியில் முடிச்சுப் போட்டாள். கீழுதடு மெல்ல ஏறி மேலுதட்டோடு சேர்ந்துகொண்டது.  இத்தனை வாரமாக ஒட்டாத உதடு. கஞ்சியை உள்ளே நிறுத்தத் தெரியாமல் பாதியை மார்பில் ஒழுகவிட்ட உதடு. இனி யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று ஆன பிறகு பதவிசாக மூடிக்கொண்டு கிடக்கிறது.

"முடிஞ்சுதாட்டி?" என்று வாசலிலிருந்து கேட்டார் அவள் புருஷன் வெள்ளத்துரை. "பெட்டி வந்தாச்சு. பாதிரி ஐயரு கோயில்லேருந்து கெளம்பிட்டாராம்."

"முடிஞ்சிது. வந்து ஒங்க அக்காவப் பாருங்க."

அவர் வந்தார், பார்த்தார், துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். யானைக்கவுனியில் கருப்பட்டி மண்டி வைத்திருக்கிற, கூலிக்காரர்களை அதட்டுகிற மனுஷன்தான். அக்கா என்றால் அவருக்கு அம்மாவும் அவள்தான்.

அந்த அக்கா தங்கபுஷ்பம் இளவயதிலேயே தாலியறுத்தவள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தம்பியோடு ராயபுரத்துக்கு வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு வேதப் புத்தகமும்தான் அவளுடைய ஆஸ்தி. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கிற வேலையைச் சபை அவளுக்குக் கொடுத்தது. கையில் குடை, தோளில் பை. புளியந்தோப்பு வரைக்கும் நடப்பாள். "பைபிளம்மா" என்றால் அந்தப் பக்கத்தில் அவள் வீட்டுச் சந்தைக் காட்டாதவர்கள் கிடையாது.

சாயங்காலமானால் பெண்கள் இந்தக் கூடத்துக்கு வருவார்கள். துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி தூக்குகிறவர்கள். குழாயடியில் எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு நிற்கும். யாருக்கும் எழுத்துத் தெரியாது. அதனால் பாடமெல்லாம் வாய்ப்பாடம். கேள்வி ஒன்று, பதில் ஒன்று. அதற்கு அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஒரு பாடம் கற்றவள் அதை இன்னொருத்திக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த இன்னொருத்தி வந்து பைபிளம்மாவிடம் ஒப்பிக்க வேண்டும். சொல் மாறியிருந்தால் இரண்டு பேருக்கும் பழைய பாடம்தான்.

"கரிக்கூடை கை மாறுதப்போ சிந்துனா மேஸ்திரி விடுவானா?" என்பாள். "கரிக்கே அப்படின்னா இதுக்கு?"

கேட்கும்போது எதிரே இருப்பவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வாள், கூடையை வாங்குகிற மாதிரி.

இதையெல்லாம் ஞானசெல்வி சுவருக்கு அந்தப் பக்கம், அடுப்படியில் இருந்துதான் கேட்டாள். வந்தவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போடுவது அவள் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் கேட்டும் பார்த்தாள். "மைனி, நானும் வந்து உக்காரட்டுமா?"

நாத்தனார் சிரித்தாள். "ஒனக்கெதுக்குட்டி? உபதேசியார் பேத்தி. பால் குடிக்கும்போதே படிச்சவ. போ, காப்பி பொங்கப் போவுது."

பெருமையாகத்தான் சொன்னாள். பெருமையும் சில சமயம் கதவைச் சாத்துகிறது அல்லவா? தாத்தா சொல்லிக் கொடுத்தது ஞானசெல்விக்கு வாயில் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியை ஒருத்தி தன் கையைப் பிடித்து, தன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று இருந்தது. கேட்டதில்லை. தம்ளர்களைக் கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் அந்தப் பிடித்த கைகளைப் பார்ப்பாள். திரும்பி வந்து அடுப்பை ஊதுவாள். தலை நரைக்கிற வரைக்கும் அப்படியே.

பிறகுதான் பக்கவாதம் வந்தது. முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. உதடு ஒட்டவில்லை என்றால் என்னென்ன எழுத்து போய்விடும் என்று நாம் யோசித்திருக்க மாட்டோம். ப போயிற்று, ம போயிற்று. பால் 'ஆல்' ஆயிற்று. மருந்து 'அருந்து' ஆயிற்று. வெள்ளத்துரை விழித்தார், ஐயர் விழித்தார். ஞானசெல்வி மட்டும் அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். ஊட்டுகிறவளுக்குத் தெரியாத பாஷை உண்டா?

ஒன்றுதான் தகராறு. கடைசி நாட்களில், விளக்கு வைக்கும் நேரமானால் மைனி அவளையே பார்ப்பாள். நன்றாக இருக்கிற கையால் கட்டில் விளிம்பைத் தட்டித் தட்டி, "ஆட... ஆட..." என்பாள். கட்டில் ஆடுகிறது என்று ஞானசெல்வி கால் ஒன்றுக்குச் சாக்கை மடித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு உண்மையாகவே ஆடிற்று. இன்னொரு காலுக்கு ஓட்டுச் சில்லு. ஒன்று தாழ்ந்தால் ஒன்று தூக்கி, நாலு காலுக்கும் முட்டுக் கொடுத்தாயிற்று. மைனி கண்ணை மூடிக்கொள்வாள். மறுநாள் மறுபடியும், "ஆட... ஆட..."

பெட்டிக்குள் வைத்தாயிற்று. மூடியை எடுத்துவந்து சுவரில் சாய்த்த நேரம் தெருமுனையிலிருந்தே சத்தம் வந்தது.

"இருங்க, இருங்க! மூடிடாதீங்க!"

பச்சையம்மா. பைபிளம்மாவிடம் முதன்முதல் கற்றவள். கையோடு வேம்புவை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வேம்பு வியாசர்பாடியில் சாராயம் விற்று உள்ளே போய்வந்து, இப்போது கரி தூக்குகிறவள். இரண்டு பேருக்கும் முழங்கை வரைக்கும் கரி, கழுவவும் நிற்கவில்லை.

"வேம்பு பாடம் ஒப்பிக்கணும்," என்றாள் பச்சையம்மா, மூச்சு வாங்க.

"இப்பமா?" என்றார் வெள்ளத்துரை. "சவத்துகிட்டயா?"

"அம்மா போட்ட சட்டம் நைனா. கடசிப் பாடம் எனுக்கு அம்மா படுத்துகினே சொல்லிக் குடுத்துச்சு. நான் இவளுக்குக் குடுத்தேன். இவ வந்து அம்மாவாண்ட சொல்லாங்காட்டி எப்டி மூடுவீங்க?"

 பச்சையம்மா பெட்டிக்குப் பக்கத்தில் வேம்புவை நிறுத்தி, பைபிளம்மாவுக்குப் பதிலாகத் தானே அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"மீட்பு எதுனால வருது?"

"கிரியையினால வருது," என்றாள் வேம்பு. சொல்லிவிட்டு அழுதாள். அது செத்தவளுக்காக அழுகிற அழுகை இல்லை என்று ஞானசெல்விக்குப் பட்டது.

"பாத்தியாம்மா?" என்று பச்சையம்மா பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு எழுத்துகூட சிந்தல." பிறகு மடியிலிருந்து ஒரு முடிச்சை அவிழ்த்தாள். ரேஷன் அரிசி. பிடி அளவு எடுத்துக்கொண்டு பெட்டியின் மேல் குனிந்தாள்.

"என்னது அது?" வெள்ளத்துரை பாய்ந்து வந்தார். "வாய்க்கரிசியா? ஏ, எடு அந்தப் பக்கம்! ஐயரு வார நேரத்துல..."

"கூவாத நைனா. புள்ள இல்லாத ஆத்தா. கிரியை யாரு செய்வா? நீ மொட்டை அடிச்சிக்கிறியா?"

வெள்ளத்துரையின் கை தன்னையறியாமல் தலைக்குப் போயிற்று. அங்கே சிரைப்பதற்கு ஒன்றும் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்களில் யாரோ இருமலாக மாற்றிக்கொண்டு சிரித்தார்கள்.

"அதான் அம்மாவே எங்கைய புடிச்சிகினு சொல்லிச்சே, கிரியையினாலன்னு," என்றாள் பச்சையம்மா. இப்போது அவள் குரல் உடைந்தது. "நான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். அம்மா தலைய ஆட்டி ஆட்டி அழுதுச்சு. சந்தோசத்துல அழுவுதுன்னு நெனச்சேன்."

ஞானசெல்விக்குப் புரிந்துவிட்டது. தான் ரேஷன் கடைக்குப் போய் நின்ற நாளாக இருக்கும். இங்கே ஒரு கூடை அப்படியே கவிழ்ந்திருக்கிறது. பிடித்த கைகளில் ஒன்றும் தங்காமல், மைனி பார்த்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறாள்.

"பச்சையம்மா, அது கிரியை இல்ல," என்றாள். "கிருபை."

பச்சையம்மா நிமிர்ந்தாள். "செல்விம்மா, கோச்சிக்காத. நீ அடுப்பாண்ட இருந்தே. நான் அம்மா வாயப் பாத்துகினு கத்துகினேன்."

அது நிஜம்தானே?  தம்ளரை வைத்துவிட்டுத் திரும்புகிறவள் போல ஞானசெல்வியின் கால் அடுப்படிப் பக்கம் ஓர் அடி நகர்ந்தும்விட்டது. அப்புறம் வேம்புவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ எதுக்குளா அழுத?"

"எனுக்கு இன்னா கிரியை கீது?" என்றாள் வேம்பு. "என் கொயந்த செத்தப்ப உள்ள இருந்தேன். ஒண்ணும் செய்யல. நல்லதுன்னு சொல்லிக்க ஒண்ணும் செஞ்சதில்ல. கிரியையினாலதான் வரும்னா எனுக்கு இல்லன்னுதான அர்த்தம்? தெனம் இதச் சொல்லச் சொல்லி பேஜாரு பண்றா இவ."

ஞானசெல்வி பச்சையம்மாவிடம் போனாள். தன் இரண்டு விரலால் அவளுடைய மேலுதட்டையும் கீழுதட்டையும் விலக்கிப் பிடித்தாள்.

"ஒட்ட விடாத. இப்ப கிருபைன்னு சொல்லு."

"கிரு... ஐ," என்றாள் பச்சையம்மா.

"இன்னொருக்கா."

"கிரு... யை." அவள் கண் பெரிதாயிற்று.

"ஒம் பேரச் சொல்லு."

"அச்சை..." அதற்குமேல் வரவில்லை. இத்தனை வாரமாகப் பைபிளம்மா அவளைக் கூப்பிட்ட பெயர் அதுதான். பச்சையம்மா அந்த விரல்களை அப்படியே பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "ஐயோ, சிந்திட்டேனே! அம்மா பாக்கப் பாக்கச் சிந்திட்டேனே!"

"நீ சிந்தல. ஒதடு சிந்திட்டுது."

"அப்ப கிருபைன்னா இன்னா?" என்று கேட்டாள் வேம்பு.

தாத்தா சொன்ன விளக்கம் நாக்கு நுனியில் இருந்தது, புத்தகத் தமிழில், மூன்று உபபிரிவோடு. ஞானசெல்வி அதை விட்டுவிட்டாள். வேம்புவின் கரிபடிந்த கைகளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று தெரிந்தது.

"உள்ளேருந்து வந்த அன்னைக்கு இந்த வூட்டுக்குத்தான வந்த?" வேம்புவுக்காக அவள் வாயிலும் வீடு வூடாயிற்று. "மைனி என்ன கேட்டாவ?"

"ஒண்ணும் கேக்கல. துன்னியான்னு கேட்டுச்சு."

"நீ என்ன கொண்டாந்த?"

"இன்னா கொண்டாறது? வெறுங்கையாத்தான் வந்தேன்."

"வெறுங்கையா வந்தவளுக்கு எல போட்டாவல்லா. அதாம்ளா."

வேம்பு யோசித்தாள். சரக்கு ரயில் ஒன்று தெருவே அதிரக் கடந்து போய் முடிகிற வரைக்கும் யோசித்தாள்.

"மீட்பு எதுனால வருது?" என்று கேட்டாள் ஞானசெல்வி.

"கிருபையினால." ப வருகிற இடத்தில் வேம்பு உதட்டை அழுத்தமாக ஒட்டி எடுத்தாள்.

பெட்டிக்குள்ளே இருந்த உதடும் ஒட்டித்தான் இருந்தது.

"அப்ப இந்த அரிசி?" என்றாள் பச்சையம்மா, மூக்கைச் சிந்திக்கொண்டு.

"கட்டி வையி. போயிட்டு வந்து பொங்குவோம். எல்லாரும் தின்னுவோம்."

வெள்ளத்துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தாமே குனிந்து, தரையில் சிதறியிருந்த நாலு மணியைப் பொறுக்கி முடிச்சில் போட்டார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது கடல் பக்கம் மேகம் கறுத்திருந்தது. அரிசி கஞ்சியாயிற்று. கருவாட்டைச் சுட்டுக் கடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து குடித்தார்கள். எழுந்து போகும்போது பச்சையம்மா மட்டும் வாசலில் தயங்கினாள்.

"செல்விம்மா, வேம்பு ஜெயிலாண்ட குடியிருக்கறவளுங்கோ ரெண்டு பேருக்குச் சொல்லியிருக்கா. கிரியைன்னு. நாளிக்கு இட்டுகினு வரட்டா?"

"கூட்டிட்டு வா."

"யாராண்ட ஒப்பிக்கிறது?"

ஞானசெல்வி தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "வா, பாப்போம்," என்றாள்.

விளக்கு வைக்கும் நேரம். கூடத்தில் கட்டில் காலியாகக் கிடந்தது. நாளைக்குப் பாய் விரிக்க இடம் வேண்டும். அதை ஓரமாக நகர்த்தலாம் என்று குனிந்து, கால்களுக்குக் கொடுத்திருந்த முட்டுகளை ஒவ்வொன்றாக உருவினாள். மடித்த சாக்கு, ஓட்டுச் சில்லு, தேங்காய்ச் சிரட்டை, பழைய செருப்புத் தோல்.

உருவிவிட்டுக் கட்டிலை ஒரு கையால் அழுத்தினாள். ஆடவில்லை. மறு கோடியில் போய் அழுத்தினாள். நாலு காலும் தரையில் பதிந்து நின்றது. இரண்டு கையாலும் பலமாக அழுத்திப் பார்த்தாள்.

 பிறகு இரண்டு விரலைத் தன் உதட்டுக்குக் கொண்டுபோனாள். விலக்கிப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"ஆட..."

விரலை எடுத்தாள். உதடு தானாக ஒட்டிப் பிரிந்தது.

"பாடம்."

வெளியே மழை தொடங்கியிருந்தது. வெள்ளத்துரை வாசலில் நின்று, "ஏட்டி, காப்பி இருக்கா?" என்று கேட்டார். அவள் காதில் விழவில்லை. மைனி தன்னைக் கூப்பிட்டுத் தட்டிக் காட்டின அந்த விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.