எந்த ஏற்றமும் எங்களுக்குச் சமதரை

1.
இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

'பனி மூடிய லிந்துலையில் ஒரு…'

(வேண்டாம். பனியில் தொடங்காத மலையகக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.)

பிரதாப்புக்கு லிந்துலை டவுனில் இருபது வருடமாகக் கராஜ். போன வருடம் கட்டாரிலிருந்து வந்த றொக்சன், கம்ப்யூட்டரோடு எதிரிலேயே ஒரு கராஜ் திறந்தான். பிரதாப்பின் வாடிக்கை ஆட்கள் ஒவ்வொருவராய் ரோட்டைக் கடந்தார்கள். கடைசியாகக் கடந்தவர் செல்லசாமி, தங்கச்சி புருஷன். அன்றைக்குப் பிரதாப் சோறு தின்னவில்லை.

2.
செல்லசாமியின், தானாகக் கியர் மாறும் ஓட்டோ கியர் வேன் தினமும் பதினாறு பெண்களை நுவரெலியாவுக்கு, காய்கறித் தோட்ட வேலைக்கு ஏற்றிப்போகிறது. கொஞ்ச நாளாக நானுஓயா ஏற்றத்தில் கியர் பொக்ஸ் கொதித்து, வண்டி இழுக்காமல் நின்றுவிடுகிறது. வெறும் வண்டி என்றால் ஒரு குறையுமில்லை. றொக்சன் மூன்று தடவை கம்ப்யூட்டரை மாட்டினான், ஒயில் மாற்றினான், ஆளில்லாமல் டவுனுக்குள் ஓட்டிப்பார்த்தான். கடைசியில் கையை விரித்தான்: "கியர் பொக்ஸ் முடிஞ்சிருச்சுண்ணே. மாத்தணும்."

மாற்ற வண்டியை விட்டால் ஒரு மாதமாகும். அதுவரை அந்தப் பதினாறு பேருக்கும் வேலையில்லை.

(இதைக் கேட்டுப் பிரதாப் வருத்தப்பட்டான் என்று எழுதி அடித்துவிட்டேன். சந்தோஷப்பட்டான், பாவி.)

3.
செவ்வாய்க்கிழமை காலை. ஏற்றத்தின் பாதியில் வேன் நிற்கிறது, பெண்கள் இறங்கி ஓரமாக நிற்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த பிரதாப் பேசாமல் போயிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே! அடியில் குனிந்து, கியர் ஒயிலை ஆற்றும் கூலருக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் தொட்டான். இரண்டும் ஒரே சூடு. அப்படியென்றால் ஒயில் ஆறாமலே திரும்புகிறது. எழுந்து முன்பக்கம் வந்தான்.

காற்று போகும் வழியை அடைத்து ஒரு பேனர். நாலு மூலையிலும் கயிறு. 'றொக்சன் கராஜ். எந்த ஏற்றமும் எங்களுக்குச் சமதரை!' வேலை செய்யும்போது றொக்சனே அதை அவிழ்த்து மடித்து வைப்பான், முடிந்ததும் மறக்காமல் கட்டிவிடுவான்.

பிரதாப்புக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. "இந்தப் பேனர அவுத்துப் போடு மச்சான். கூலருக்குக் காத்தே போகல."

"அவன் பேரக் கண்டாலே ஒனக்கு எரியுது, என்னா?" என்றார் செல்லசாமி. பெண்கள் சிரித்தார்கள்.

பிரதாப்பின் முகம் செத்துப்போனது. அவர் சொன்னது பொய்யில்லையே. பொறாமையும் நிஜம், குழாய்ச் சூடும் நிஜம்.

4.
முடிவுகள்.

(அ) பிரதாப் தானே அவிழ்க்கிறான், செல்லசாமி அவன் சட்டையைப் பிடிக்கிறார்.

(ஆ) பிரதாப் வாயை மூடிக்கொள்கிறான். வெள்ளிக்கிழமைக்குள் கியர் பொக்ஸ் கருகுகிறது, எதிர்க் கராஜின் பெயர் கெடுகிறது, பிரதாப் வயிறாரச் சாப்பிடுகிறான், பதினாறு பேர்…

(இ) எழுத வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

5.
பேனரில் இருக்கும் வரி நான் எழுதியது. றொக்சன் கேட்டான், எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டு வருடமாகக் கதை எழுதுகிறேன். மனிதர்கள் ரோட்டில் நின்று வாசித்த என் எழுத்து அது ஒன்றுதான். அதைப் போய் அவிழ்க்கச் சொல்கிறான் இந்தப் பிரதாப்! அதனால்தான் செல்லசாமியின் வாயில் அந்தப் பதிலை வைத்தேன். அவர் நல்ல மனுசன், சொன்னால் கேட்டிருப்பார்.

நாளைக் காலை பதினாறு பேரும் ஏறுவார்கள். முடிச்சு நாலு. என் கை போகமாட்டேன் என்கிறது, நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

அவிழ்ப்பதற்கு முன்னால் அந்த வரியை ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.