லெட்டிஸின் வலக்கை

"இந்தக் கதைய எழுதின மகராசி, ஒரு தடவையாவது அடுப்படிக்குள்ள நுழைஞ்சிருப்பாளா?" தூரிகையைத் தண்ணீரில் அலசியபடி கேட்டார் என் வீட்டுக்காரர் ஜோசையா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மகராசி நான்தான். புத்தகத்தில் 'ஒரு சீமாட்டி எழுதியது' என்றுதான் அச்சாகும். ஒரு தோழி மூலமாகக் கொடுத்தனுப்பியதால் பதிப்பாளருக்கே என் பெயர் தெரியாது. லண்டனில் இத்தனை ஓவியர்கள் இருக்க, படம் போட அந்த மனிதர் பிடித்தது என் புருஷனை! கதை எழுதும் பெண்களை இவர் கிழிக்கிற கிழியைத் தினமும் கேட்கிறேன். விஷயம் தெரிந்தால் அதோடு என் எழுத்துக்கு முழுக்குத்தான்.

வரையச் சொன்ன காட்சி இது: அடுப்படி மேசையில் மாவை ஒதுக்கிவிட்டு, கல்யாணம் வேண்டாம் என்று மாப்பிள்ளைக்குக் கதாநாயகி லெட்டிஸ் கடிதம் எழுதுகிறாள். என் லெட்டிஸ் எப்படி இருப்பாள்? பார்க்கவேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. இவரோ படத்தைத் துணி போட்டு மூடியே வைத்திருந்தார். அன்று பீர் வாங்க அவர் கீழே இறங்கியதும் துணியை விலக்கிவிட்டேன்.

நீல கவுனும் மாவு ஒட்டிய முழங்கையுமாக, அழகாகத்தான் இருந்தாள். ஆனால் வலக்கையால் எழுதிக்கொண்டிருந்தாள். செதுக்குபவர் படத்தை அப்படியே செப்புத் தகட்டில் செதுக்குவார்; அச்சில் இடம் வலமாகிவிடும். அதனால் எழுதுகிற கையை இடக்கையாக வரைவதுதான் வழக்கம். இவர் அதை மறப்பாராவது!

"பாத்தாச்சா?" வாசலில் நின்றார் ஜோசையா.

"கைய மாத்தி வரைய மறந்துட்டீங்களே! அச்சுல இடதுகைக்காரியா ஆயிடுவா."

"ஆகட்டும்."

"ஊரே சிரிக்குங்க!"

"மீசை முளைக்கறதுக்கு முன்னாடியிருந்து இதே வேலை. நான் மறப்பேனா, டார்கஸ்?"

சவரக் கண்ணாடியை எடுத்துப் படத்துக்கு எதிரே பிடித்தார். கண்ணாடிக்குள் லெட்டிஸ் இடக்கையால் எழுதிக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் ஓரமெல்லாம் மை ஈஷியிருந்தது. அப்படி ஒரு வரி நான் எழுதவே இல்லை.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கதையில எனக்கு ஒரு பக்கம்தான் குடுத்தாங்க. அந்த மாப்பிள்ளைப் பய சும்மாவா விடுவான்? அப்புறம் இவ என்னதான் பண்றா?"

ஏப்ரனுக்குள் ஒளித்திருந்த இடக்கையை மெல்ல வெளியே எடுத்தேன். சுண்டுவிரல் ஓரத்தில் மை இன்னும் காயவில்லை.