வலது தோள்

1959 பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை. மெக்சிகோ நகரின் தக்கூபா பகுதியில் உள்ள ஒரு வார்ப்படப் பட்டறையில் ஆளுயர வெண்கலச் சிலையின் அச்சு உடைக்கப்பட்டது.

முதல் அடியைச் சிற்பியே அடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆசான் என்ற பொருளில் எல்லோரும் 'மாயெஸ்த்ரோ' என்று கூப்பிடும் எவரிஸ்தோ லுஹான் சுத்தியலை வாங்கி ஒருமுறை தட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். அறுபதைக் கடந்தவர். இளவயதில் பாரிஸில் சர்ரியலிஸ்ட் ஓவியர்களோடு இருந்துவிட்டுத் திரும்பியவர். மீன் உறங்கும் கட்டில், கதவைத் திறந்துகொண்டு வெளியேறும் ஆறு என்று வரைந்து பேர் வாங்கியிருந்தார். மனைவி ஒத்தீலியா நவம்பரில் இறந்த பிறகு அவர் பேசியதெல்லாம் ரொட்டிக்கடைக்காரரோடுதான்.

சிலையை அவர் மெழுகில் நேரடியாகச் செய்திருந்தார். கொக்குக் கால்களில் நிற்கும் பெண். தலை இருக்கவேண்டிய இடத்தில் கெண்டி. இடது கையில் ஆறு விரல். செப்டம்பரில், படுக்கையிலிருந்து எழுந்து அதைப் பார்க்க வந்த ஒத்தீலியா, நாற்காலியைவிட்டு எழ முடியாமல் சிலையின் வலது தோளைப் பற்றிக்கொண்டாள். வெயிலில் இளகியிருந்த மெழுகில் ஐந்து விரலும் அழுந்தின.

"கெடுத்துட்டேனே," என்றாள்.

"இருக்கட்டும். அவளுக்கும் ஒரு துணை வேணும்ல."

அந்தப் பள்ளங்களை அவர் தொடவில்லை. அவள் இறந்ததும் உடைகளை அவள் தங்கைகள் எடுத்துப் போய்விட்டார்கள். மெழுகு என்றாவது உருகும், வெண்கலத்தில் அந்தக் கை நிற்கும் என்றுதான் சிலையைப் பட்டறைக்கு அனுப்பினார். எதையும் மாற்றக்கூடாது என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

உள்ளிருந்த மெழுகை உருக்கி வடித்துவிட்டு வெண்கலம் ஊற்றிய அச்சின் மண் கட்டிகட்டியாக விழுந்தது. சூடு ஆறாத கட்டிகளின் மேல் ஆட்கள் சோள ரொட்டியைப் போட்டு வாட்டினார்கள்.

"இந்தம்மாவைக் கட்டிக்கிட்டா காப்பி ஊத்த வேற ஆளே வேணாம்யா," என்றான் மெழுகு வேலைக்காரன் கிறிஸ்பீன்.

"வாய மூடிக்கிட்டுத் தட்டுடா," என்றார் முதலாளி மெலித்தோன்.

எவரிஸ்தோ சிலையின் பின்பக்கம் போனார். வலது தோளைத் தடவினார். இடது தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி வலது தோளுக்கு வந்தார்.

"இங்க பள்ளம் இருந்துச்சே?"

கிறிஸ்பீனின் முகம் மலர்ந்தது. "அதையா கேக்குறீங்க மாயெஸ்த்ரோ! லாரில ஏத்துறப்ப எவனோ முரட்டுப்பய தோளைப் புடிச்சுத் தூக்கியிருக்கான். அஞ்சு வெரலும் அப்படியே எறங்கிக் கெடந்துச்சு. மெழுகு விட்டு அடைச்சு இழைச்சுட்டேன். எடம் தெரியுதா, சொல்லுங்க?"

"தெரியல."

"கெண்டி, ஆறு வெரல், கொக்குக் காலு, எதுலயும் நான் கை வைக்கல. அதெல்லாம் உங்க சமாச்சாரம்."

மெலித்தோன் எவரிஸ்தோவின் முகத்தைக் கவனித்துவிட்டார். "என்ன மாயெஸ்த்ரோ, தப்பாயிருச்சா?"

"அது ஒத்தீலியா கை."

தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கிறிஸ்பீன் தொப்பியைக் கழற்றினான்.

"செதுக்கிரலாம் மாயெஸ்த்ரோ. எம் பொண்டாட்டிக்கும் சின்னக் கைதான். அளவுக்கு அவளைக் கூட்டியாறேன்."

"அப்ப அது உன் பொண்டாட்டி கையாத்தான் இருக்கும், கிறிஸ்பீன்." அதட்டலே இல்லாமல் சொன்னார்.

யாரோ பச்சை மிளகாய் வைத்துச் சுருட்டிய ரொட்டியை அவரிடம் நீட்டினார்கள். பாதியை நின்றபடியே தின்றார்.

"உருக்கிருங்க," என்றார் மெலித்தோனிடம்.

"அய்யோ, மேயில கண்காட்சி இருக்கே! இவ்வளவு நல்லா வந்திருக்கு. வீட்டுக்குப் போங்க, பெறகு பேசலாம்."

"நல்லாத்தான் வந்திருக்கு. அவ இல்லை."

மெலித்தோன் சிலையைச் சாக்கால் மூடி முற்றத்தில் வைத்தார். மனம் மாறும் என்று காத்திருந்தார். மார்ச்சில் எவரிஸ்தோ இரண்டு தடவை வந்தார். சாக்கை விலக்கிப் பார்க்கவில்லை. உருக்கியாகிவிட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரலில் சிலை உருக்கப்பட்டது. அந்த வெண்கலத்தில் தண்ணீர்க் குழாய்களுக்கான திருகுகள் வார்க்கப்பட்டன. மே மாதக் கண்காட்சியில் ஓவியங்கள் மட்டும் இருந்தன.