டீச்சர் ஏற வேண்டிய வண்டி

பழனிசெட்டிபட்டியில் பழைய கார் விற்கும் இடத்துக்கு மூன்று தடவை போய்விட்டேன். கூட வந்த மெக்கானிக் அழகுமலைக்கே அலுத்துவிட்டது. "அண்ணே, பொண்ணு பாக்கப் போனாக்கூட இம்புட்டுக் கேள்வி கேக்க மாட்டாக."

கேட்காமல் என்ன செய்வது? என் மனைவி பிலோமினா மயிலாடும்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். முடக்குவாதத்தில் முழங்கால் வீங்கி, பஸ் படி ஏற முடியவில்லை. மாறுதல் கேட்டு எழுதிய மனுக்களுக்குப் பதிலே இல்லை. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம். அதுவரை பிள்ளைகளோடு இருந்துவிட வேண்டும், அவள் கேட்பது அது ஒன்றுதான். தினமும் நானே கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது என்று முடிவுசெய்தோம். தாழ்வான காரில் உட்கார்ந்தால் அவளால் எழுந்திருக்க முடியாது. போன மாதம் தம்பியின் காரில் பட்டுத் தெரிந்துகொண்டோம். அதனால்தான் உயரமான இந்தச் சின்ன எஸ்யூவி.

இன்ஜின், கியர், கிளட்ச், டயர் எல்லாம் பார்த்தேன். வெள்ளத்தில் நின்ற வண்டியோ என்று தரைவிரிப்பைத் தூக்கி மோந்துகூடப் பார்த்தேன். வீரபாண்டி வரை ஓட்டினேன். எந்தக் குழியிலும் அடி தட்டவில்லை. "கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்ணே" என்றான் அழகுமலை.

சனிக்கிழமை பிலோமினாவை ஆட்டோவில் அழைத்துவந்தேன். கதவைத் திறந்துவிட்டதும் காலைத் தூக்கினாள். பாதி உயரம்தான் வந்தது.

"இருங்க, வரும்" என்றாள். வரவில்லை.

அழகுமலை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டான். இரண்டு பேருமாகப் பிடித்து ஏற்றினோம். அதில் நின்றும் முழங்கால் மடங்கவில்லை. கதவைப் பற்றியபடி கண்ணை மூடிக்கொண்டாள். வலியில் உதடு வெளுத்துவிட்டது.

மூன்று தடவை வந்த மடையன் ஒரு தடவை இவளைக் கூட்டிவந்திருக்கக் கூடாதா? வண்டி பார்ப்பது ஆம்பிளை வேலையாம். கூட்டிவந்திருந்தால் மட்டும் என்ன, ஏறியிருக்கவா போகிறாள்? எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"நீ ஏற வேண்டாம் பிலோ. நான் தூக்கி உக்கார வச்சுர்றேன்."

"பள்ளிக்கூட வாசல்ல, பிள்ளைக பாக்கையில, தூக்கி எறக்குவீகளா?"

அவளை மெதுவாகக் கீழே இறக்கினோம். சேலையைச் சரிசெய்துகொண்டு வண்டியை ஒருமுறை பார்த்தாள்.

"நல்ல வண்டிதாங்க. வேலைய விட்டுர்றேன்னு திங்கக்கெழம லெட்டர் எழுதித் தாரேன். நீங்களே கொண்டுபோய்க் குடுத்துருங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி" என்று வந்தது.