கம்பி இறங்கிய ஆழம்

காஜா பேராங் வட்டாரத்தில் எழும்பிக்கொண்டிருந்த வாசகசாலையின் வாசல் கூரை, தூணே இல்லாமல் ஆறடி வெளியே நீண்டிருந்தது. தடிப்பு நாலே அங்குலம். மெர்டேக்கா என்ற விடுதலை நாளன்று அதன்மேல் ஏறிநின்றுதான் கொடியேற்றப் போகிறார்கள். தாங்குமா என்று கணக்குப் போட்டவள் சந்திரமதி. அதுவரை பொறியாளர் கலியாணசுந்தரத்தின் ஆபீசில் வரைபடங்களை நகலெடுத்துக்கொண்டிருந்தவள்.

பத்தொன்பது நாள் கூரையைத் தாளில் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தொய்யும் என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள். உள்ளே போகும் மெல்லிய இரும்புக் கம்பிதான் உயிரை வாங்கியது. அரையடிக் கட்டத்தில் பென்சில் தடிப்புக் கம்பி எங்கே தெரியும்? அதைத் தடிப்பே இல்லாத கோடாக வைத்து, கோடு தொடும் புள்ளிகளுக்கு மட்டும் அதன் பிடிமானத்தைக் கொடுத்தாள். மணல் மூட்டை அடுக்கினால் நுனி கால் அங்குலம் இறங்கும் என்று விடை வந்தது.

அடுக்கினார்கள். அரை அங்குலம் இறங்கியது.

"இந்தப் பொண்ணு தாள்ல போட்டா கட்டடம் கேக்குமா? ஒரு தூண வச்சிட்டுப் போவோம்லா," என்றார் குத்தகையாளர் பொன்னுதுரை.

கலியாணசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார். "கணக்கு தப்புன்னா, திங்கக்கெழமையிலேர்ந்து பழைய மேசைக்கே போயிரும்மா."

சந்திரமதி பதறவில்லை. அந்தக் கணக்கு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"கொங்கிரீட் ஊத்தறப்ப ஆளுங்க எதுமேல நடந்தாங்கண்ணே?" என்று பொன்னுதுரையைக் கேட்டாள்.

"கம்பிமேலதான். வேற எங்க நடக்கிறது?"

மேற்பக்கம் இருந்தால்தான் கம்பி கூரையை இழுத்துப் பிடிக்கும். மிதித்த மிதியில் அது கீழே போயிருக்க வேண்டும். சந்திரமதி அங்கேயே சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து, கோட்டை ஓரங்குலம் கீழே இறக்கி, ஒரு வரிசையை மட்டும் திரும்பப் போட்டாள். மத்தியானச் சாப்பாடு போனதுதான். விடை அரை அங்குலம்.

"செவத்தோரமா மேல கொத்துங்க. முக்கால் அங்குலத்துல இருக்க வேண்டிய கம்பி, ஒண்ணே முக்கால்ல இருக்கும்."

மூட்டைகளை இறக்கிவிட்டுப் பொன்னுதுரையே உளியெடுத்தார். முக்காலில் வெறும் கல். ஒன்றரையிலும் கல்தான். அவர் சிரிக்க வாயெடுத்த நேரம் உளி இரும்பில் பட்டது. கலியாணசுந்தரம் அளவுகோலை விட்டுப் பார்த்தார். ஒன்றே முக்கால்.

கண்ணால் பார்க்காததைத் தாளிலிருந்தே பிடித்துவிட்ட சந்தோஷத்தில் சந்திரமதிக்குத் தலைகால் புரியவில்லை. முகத்தை மட்டும் கறாராக வைத்துக்கொண்டாள்.

"அப்ப தூண் வச்சிரலாமா?" கலியாணசுந்தரம் அவளிடம்தான் கேட்டார்.

"வேணாம் சார். ஒடச்சிட்டுத் திரும்ப ஊத்தணும். மெர்டேக்காவுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே."

பொன்னுதுரை உளியைக் கீழே வைத்தார்.

"மிஸ், ஊத்தற அன்னிக்கு நீங்களே வந்து நில்லுங்க. ஆளுங்க கம்பிய மிதிக்காம நடக்கப் பலகைய எங்க போடணும்னு சொல்லுங்க, போடறேன்."