ஞாயிறு வரைக்கும் தாங்குமா?

1

இந்தக் கதையை நான் திருடினேன். தேக்கா பக்கம், சந்துக்குள் இருக்கும் ஒரு வளர்ப்பு மீன் கடையில், தீபாவளிக்கு மறுநாள் காலை, ஐம்பதை நெருங்கும் ஒருவர் மேசையில் கையூன்றி நின்று கேட்டார்: "பாய், ஞாயித்துக்கிழமை வரைக்குமாச்சும் தாங்குமா?"

பிழைக்குமா என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கிழமை குறித்துக் கேட்டவரை அன்றுதான் பார்த்தேன். அந்த ஒரு கேள்வியைத் தவிர, இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அடுக்குமாடி வீடொன்றில், நீரின் மௌனத்துக்குள்—"

வேண்டாம். மௌனமாவது ஒன்றாவது. மீன் தொட்டியின் காற்றுப் பம்ப் மாவரைக்கும் இயந்திரம் போலக் கத்திக்கொண்டிருக்கிறது.

அடுத்து: "ரமணனின் மனைவி இறந்த மூன்றாம் ஆண்டில்—"

இதுவும் வேண்டாம். செத்தவளுக்காக ஏங்குவது சுலபம், ஊரே கூட அழும். இந்த மனிதர் ஏங்குவது புங்கோலில் சௌக்கியமாக இருக்கும் ஒருத்திக்காக. ரயிலேறினால் அரை மணி நேரம்கூட ஆகாது.

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வியைக் கேட்ட ரமணன் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். சிவகாமசுந்தரி அவருடைய முன்னாள் மனைவி.* மூன்று வருடத்துக்கு முன்பு மணவிலக்காகி, வீட்டை விற்றுச் சாமான்களைப் பிரித்தபோது, ஒரு ஜோடி டிஸ்கஸ் மீனை மட்டும் பிரிக்க முடியவில்லை. தட்டு போல வட்டமான மீன்கள். ஜோடி சேர்ந்த பிறகு பிரித்தால் இரை எடுக்காது என்று இருவரும் சொன்னார்கள். (உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. வக்கீலும் விசாரிக்கவில்லை.) மீன் அவரிடம் இருக்கும், மாதத்தின் முதல் ஞாயிறு மாலை அவள் வந்து பார்க்கலாம். அப்படித்தான் முடிவாயிற்று.

வருவாள். அரை மணி நேரம் இருப்பாள். மீன் இல்லையென்றால் அவள் வருவதற்கு வேறு காரணம் கிடையாது.

* முன்பெல்லாம் "சுந்தரி"தான். மணவிலக்குக்குப் பிறகு, மரியாதைக்காக, முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிறார். பாவம், மூச்சு வாங்குகிறது.

3

மூன்றடித் தொட்டிக்கு அரை மணி நேரமென்றால் ஐந்தடித் தொட்டிக்கு எவ்வளவு? இப்படிக் கணக்குப் போட்டுத்தான் ரமணன் பெரிய தொட்டி வாங்கினார். சோபாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தார். மணல் கொட்டி, மரவேர் வைத்து, தண்ணீர் நிரப்பினார்.

அதுவரைக்கும் சரி. தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. திரைச்சீலை துவைத்தாயிற்று, விளக்குத் துலக்கியாயிற்று, மின்விசிறி இறக்கைகூடக் குளித்துவிட்டது. பழைய தொட்டியின் வடிகட்டிக்குள் ஒரு ஸ்பாஞ்ச், ஆறு வருட அழுக்கோடு, பழுப்பாக, கொழகொழவென்று. நல்ல நாளும் அதுவுமாகப் புதுத் தொட்டியில் இதை வைப்பதா? குழாயைத் திறந்து, வெள்ளை வெளேரென்று ஆகும்வரை கசக்கிப் பிழிந்து, புதுத் தொட்டியில் வைத்து, மீன்களையும் மாற்றினார்.

நான்கே நாளில் மீன்கள் கறுத்தன. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, ஒரு மூலையில், செவுள் படபடக்க நின்றன.

மீன் கடை அதீஃப் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணே, அந்த அழுக்குலதான் தண்ணியச் சுத்தம் பண்ற கிருமியே குடியிருக்கு. குழாத்தண்ணியில உள்ள குளோரின் பட்டா அத்தனையும் செத்துடும் லா!"

"தீபாவளிக்கு வீட்டையே கழுவுனேன் பாய்."

"மீனுக்கு என்னண்ணே தீபாவளி? தனி டப்பால போட்டு மருந்து ஊத்துங்க, தெனம் பாதித் தண்ணி மாத்துங்க. ஆனா யார் வீட்டுலயாச்சும் நல்லா ஓடுற தொட்டியிலேர்ந்து ஊறுன ஸ்பாஞ்ச் கெடைச்சாத்தான் பொழைக்கும். கடை ஸ்பாஞ்ச் வேணாம், இங்க எல்லா மீனுக்கும் வெள்ளைப்புள்ளி நோய்."

மீன் வளர்ப்பவர் யாரையும் ரமணனுக்குத் தெரியாது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

4

சிவகாமசுந்தரி எனக்குப் பிடிபடவில்லை. மாதம் தவறாமல் இரண்டு மீனைப் பார்க்க ஒரு பெண் ரயிலேறி வருவாளா? "அவள் மனத்தின் ஆழத்தில்—" என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் மனத்துக்குள் நான் போனதில்லை. பத்து வருடம் கூட வாழ்ந்த ரமணனே போனதில்லை.

5

சனிக்கிழமை காலை ரமணன் ஃபோன் செய்தார். நீலப் பிளாஸ்டிக் டப்பாவில் மீன்கள் சாய்ந்தபடி மிதந்தன. ஐந்தடித் தொட்டி விளக்கெரிய, காலியாக இருந்தது.

"சிவகாமசுந்தரி, மீனுக்கு உடம்பு சரியில்ல. நான்தான் ஸ்பாஞ்சக் கழுவிட்டேன். நாளைக்குள்ள போயிரும் போல. நீங்க வீணா அலைய வேணாம்."

"எத்தனை நாளா?"

"ஆறு நாளா."

"புதன்கிழமை மெசேஜ் போட்டேன். நல்லா இருக்குன்னீங்க."

"சொன்னேன்."

"ஏன்?"

"மீன் இல்லன்னா நீ இங்க—"

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை, அவராலும் முடியவில்லை. மூன்று வருடமாகக் கட்டிக்காத்த "நீங்க" எங்கே போனது என்று அவருக்கே தெரியாது.  எதிர்முனையில் ஃபோன் வைக்கப்பட்டது.

6

முடிவுகள் மூன்று எழுதினேன்.

ஒன்று: அவள் வரவில்லை. ரமணன் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். (நடக்கக்கூடியது. ஆகவே எனக்குப் பிடிக்கவில்லை.)

இரண்டு: மீன்கள் இறந்துவிடுகின்றன, அவள் வந்து விடைபெற்றுப் போகிறாள். (நாகரிகமானது. இதுவும் பிடிக்கவில்லை.)

மூன்று: அவள் ஒரு பையோடு வருகிறாள். பைக்குள் பழுப்பேறிய, கொழகொழத்த ஸ்பாஞ்ச். அது கடையில் விற்கிற பொருளல்ல, ஓடுகிற தொட்டி வீட்டில் இருப்பவரிடம்தான் இருக்கும். அப்படியென்றால் புங்கோலில் அவளுக்கென்று ஒரு தொட்டி இருந்திருக்கிறது, மீன் இருந்திருக்கிறது. மீன் பார்க்க அவள் ரயிலேற வேண்டியதே இல்லை.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினேன். எனக்காக அப்படி யாரும் பொய்க் காரணம் சொல்லிக்கொண்டு வந்ததில்லை. வந்தால் எப்படியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. அதனால் இதையும் அடித்தேன்.

7

ஞாயிறு, மாலை நான்கு மணி. வெளியே மழை. மின்தூக்கி திறந்து சிவகாமசுந்தரி வெளியே வருகிறாள். கையில் சிவப்புப் பிளாஸ்டிக் பை. பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வருகிறது. உள்ளே மடக்கிய குடையாகவும் இருக்கலாம்.

அழைப்பு மணியை அழுத்த எனக்குத் தைரியம் வரவில்லை, நீங்கள் அழுத்துங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். டப்பாவில் இரண்டு மீனும் மூச்சு விடுகின்றன. பக்கத்தில் ரமணன், சட்டைக் கை நனைய, தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிறு வரைக்கும் தாங்கிவிட்டார்கள், மூன்று பேரும்.